பழைய கணனியை வீசுவதற்கு முன்னர்

ஒரு கிராமத்து வாசிகசாலைக் கணனி திணறுகிறது என்று பிள்ளைகள் வந்து சொன்னார்கள். சுட்டியை நகர்த்தினால் அம்புக்குறி விட்டுவிட்டுத்தான் போகிறதாம். காணிக் கடிதங்களும் நட்டஈட்டு விண்ணப்பங்களும் அதில்தான் தட்டெழுதப்படுகின்றன. திருத்துபவர் ஒருவர், "இது முடிந்துவிட்டது, புதியது வாங்குங்கள்" என்று கூறிவிட்டார். சங்கத்தின் கையில் இருந்ததோ விதைநெல்லுக்குச் சேர்த்த பணம்.

நீரிறைக்கும் இயந்திரம் தண்ணீர் எடுக்காவிட்டால் உடனே புதியதா வாங்குகிறோம்? உறிஞ்சு குழாயில் காற்றுப் போகிறதா என்றுதானே முதலில் பார்ப்போம். கணனிக்கும் அவ்வாறே, பழுது எங்கே என்று முதலில் பிரித்தறிய வேண்டும். சுட்டியைத் தொடாமல், விசைப்பலகையிலுள்ள விண்டோஸ் விசையை அழுத்துங்கள். பட்டியல் சட்டென்று திறந்தால் குற்றம் பெரும்பாலும் சுட்டியில்தான்.

அடியில் உருண்டை உள்ள சுட்டியானால், கணனியை நிறுத்திவிட்டு வளையத்தைத் திருகி உருண்டையை எடுங்கள். உள்ளே இரண்டு சிறு உருளைகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கும். ஒன்று பக்கவாட்டு அசைவையும் மற்றது மேல்கீழ் அசைவையும் அறியும். அம்புக்குறி ஒரு திசையில் மட்டும் சிக்கினால் அதற்குரிய உருளையில் அழுக்கு வளையமாக இறுகியிருக்கும். நகத்தாலோ தீக்குச்சியாலோ சுரண்டுங்கள், கத்தி வேண்டாம். உருண்டையைச் சவர்க்கார நீரில் கழுவி, நன்றாக உலர்ந்தபின் போடுங்கள். சிவப்பு ஒளி வரும் சுட்டி கண்ணாடி மேசையில் தடுமாறும். கீழே ஒரு தாளை வைத்தாலே போதும்.

திரையில் ஒரு பெட்டியை இழுக்கும்போது பின்னால் தடம் விட்டு, படம் கீற்றுக் கீற்றாக விழுந்தால் கோளாறு வேறு. திரை அட்டைக்குரிய இயக்கி மென்பொருள் இல்லாதிருக்கலாம். விண்டோஸை மீளப் பதிப்பவர்கள் அடிக்கடி மறப்பது இதைத்தான். அது இல்லாவிட்டால் வரையும் வேலை முழுவதும் மூளைச் சில்லின் தலையில் விழும். அந்த வேலை சிறியதல்ல. 1024 × 768 புள்ளிகள், புள்ளிக்கு 32 பிட் என்றால் ஒரு முழுத்திரைக்கு 3 மெகாபைட். நிறத்தை 16 பிட்டாக்கினால் அது பாதியாகும். விண்டோஸ் எக்ஸ்பியில் வெற்றுத்திரையில் வலப்பொத்தானை அழுத்தி, புரொப்பட்டீஸ், செற்றிங்ஸ், அட்வான்ஸ்ட், ட்ரபிள்ஷூட் என்று செல்லுங்கள். அங்குள்ள நகர்த்தி வலது கோடியில் நிற்க வேண்டும். முன்னொரு கோளாறுக்காக யாரோ இடப்பக்கம் தள்ளிவிட்டுத் திருப்பாமல் போயிருப்பார்கள்.

வன்தட்டு விளக்கு ஓயாமல் எரிந்தால் நினைவகம் போதவில்லை என்று சந்தேகியுங்கள். 2001இல் வந்த எக்ஸ்பிக்குப் பரிந்துரைக்கப்பட்டது 128 மெகாபைட்; நடைமுறையில் அது காணாது. கழித்துப்போட்ட இன்னொரு கணனியின் நினைவக அட்டையைப் பொருத்தலாம், ஆனால் அதே வகையாக இருக்கவேண்டும். மின்செருகியைக் கழற்றிய பின்னரே கை வையுங்கள்.

வாசிகசாலைக் கணனியில் இருந்தவை இரண்டு: உருளையில் பஞ்சு, இடப்பக்கம் நின்ற நகர்த்தி. அரை மணித்தியால வேலை. ஒன்று மட்டும் சொல்லிவைத்தேன். எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலுடன் நின்றுவிட்டன. ஆகையால் அதைக் கடிதம் அடிக்கவும் பிள்ளைகள் பழகவும் வைத்திருங்கள். இணையத்தில் இணைக்க வேண்டாம்.