ஆங்கில வாக்கியத்தில் முரண்பொருள்: மாணவர்க்கு ஒரு விளக்கம்

பாலங்கள் அமையுமுன், மாரிகாலத்தில் மூதூருக்குச் செல்வோர் திருகோணமலைக் கரையில் நின்று கொட்டியாற்றுக் குடாவைப் பார்த்தபடி, இன்று படகு போகுமோ என்று வினவுவது வழக்கம். "மழை பெய்தாலும் போகும்" என்பான் படகோட்டி. மறுநாள் மூதூரிலிருந்து மீண்டவர், "மழை பெய்தும் படகு போயிற்று" என்பார். இவ்விரு வாக்கியங்களையும் ஆங்கிலத்தில் எழுதுக என்று எமது வகுப்புகளிற் பன்முறை கொடுத்திருக்கின்றோம். பெரும்பாலோர் இரண்டிற்கும் ஒரே சொல்லைப் பெய்து எழுதினர்.

படகோட்டி பேசும்போது மழை வருமோ வாராதோ என்பது தெரியாது. வரினும் கவலையில்லை என்பதே அவன் கருத்து. இதற்கு ஆங்கிலத்தில் 'ஈவின் இஃப்' வேண்டும். மீண்டு வந்தவர் நனைந்தே வந்தார். அவருக்கு மழை நடந்த செய்தி. இதற்கு 'ஆல்தோ' அல்லது 'ஈவின் தோ' வேண்டும். தமிழிலும் 'பெய்தாலும்', 'பெய்தும்' என்று வடிவம் வேறாகத்தானே இருக்கின்றது, பின்னர் ஏன் மயக்கம் என்று கேட்கலாம். இக்காலத் தமிழில் '-ஆலும்' என்னும் ஈறு இரண்டு வேலையையும் ஏற்றுக்கொண்டதே காரணம். "அவர் முதியவராயிருந்தாலும் நன்றாக நீந்துவார்" என்கிறோம். அவர் முதியவர் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் '-ஆலும்' என்பதைக் கண்ட மாணவன் 'ஈவின் இஃப்' என்று தொடங்கிவிடுகிறான். வாசிக்கும் ஆங்கிலேயர், அம்மனிதரின் வயது இவனுக்குத் தெரியாது போலும் என்று எண்ணுவார்.

உம்மைக்கு நன்னூலார் எதிர்மறை, சிறப்பு, ஐயம், எச்சம் முதலாக எட்டுப் பொருள் கூறினார். ஓர் இடைச்சொல் இத்தனை பணி புரியும் மொழியிற் பிறந்து வளர்ந்தவன், ஒவ்வொரு பணிக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கும் மொழியைக் கண்டு மலைப்பது இயல்பேயாகும்.

இனி, ஆசிரியர் யாவரும் சிவப்பு மையாற் கீறி அலுத்த பிழையொன்று உண்டு. 'ஆல்தோ' என்று தொடங்கி, நடுவில் 'பட்' என்று சேர்ப்பது அது. "ஆல்தோ ஹீ இஸ் புவர், பட் ஹீ இஸ் ஒனஸ்ட்" என்பது எத்தனை விடைத்தாள்களில்! நாமும் பல்லாண்டுகள் 'பட்' என்பதை வெட்டியதன்றிக் காரணம் சொன்னோமில்லை. வெட்டப்பட்ட சொல் அடுத்த தவணையில் மீண்டும் முளைத்தது. பின்னரே எமக்கு ஒன்று புலனாயிற்று. தமிழில் முரணைக் காட்டும் உறுப்பு, சார்பு வாக்கியத்தின் இறுதியில் நிற்கின்றது. 'ஏழையாயினும்' என்பதில் 'ஆயினும்' இரு வாக்கியங்களின் சந்தியிலேயே இருக்கின்றது. ஆங்கிலத்திலோ 'ஆல்தோ' சார்பு வாக்கியத்தின் தலையில் ஏறிவிடும். சந்தியில் ஒரு காற்புள்ளி மாத்திரமே நிற்கும். தமிழ்ச் செவி அவ்விடத்தில் ஒரு சொல்லை எதிர்பார்க்கின்றது. வெறுமையைப் பொறாது 'பட்' என்பதைக் கொண்டுவந்து வைக்கின்றது. ஆகவே இப்பிழை சோம்பலால் வருவதன்று. இதனை இவ்வாறு விளக்கிய பின்னர் எமது மாணவர் பலர் தாமாகவே அதனைக் கைவிட்டனர். சந்தியில் ஒரு சொல்லேனும் வேண்டும் என்று மனம் கேட்குமாயின், 'ஆல்தோ' என்பதை நீக்கிவிட்டு 'பட்' என்பதை மாத்திரம் வைத்துக்கொள்ளலாம். 'ஸ்டில்' அல்லது 'யெட்' என்பதை 'ஆல்தோ'வுடன் சேர்ப்பதும் தவறன்று.

இவ்விரண்டில் எதை எடுப்பது என்பது வேறு வினா. 'பட்' என்பது இருபக்கத்தையும் சமமான தட்டில் வைத்து, பின் வருவதற்குச் சற்று நிறை கூட்டும். 'ஆல்தோ' தான் நிற்கும் பக்கத்தைத் தாழ்த்தி, மற்றதைத் தலைமை வாக்கியமாக உயர்த்தும். றொபேட் நொக்ஸ் 1660 ஆம் ஆண்டில் கொட்டியாற்றுக் குடாவுக்கு வந்த கப்பலிலிருந்து கண்டியரசனின் ஆட்களாற் பிடிபட்டு, பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறையிருந்து, 1679 இல் தப்பினார். "அவர் தப்பினார், ஆனால் பத்தொன்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன" என்றால் இழந்த இளமை கண்முன் நிற்கும். "பத்தொன்பது ஆண்டுகள் கழிந்தன, ஆனால் அவர் தப்பினார்" என்றால் விடுதலை நிற்கும். செய்தி ஒன்றே, எதை இறுதியில் வைத்தோம் என்பதே வேறு.

இது பரீட்சையோடு முடியும் சங்கதியன்று. சில ஆண்டுகளுக்கு முன்னர் பழைய மாணவரொருவர், துறைமுகப் பகுதியிலுள்ள ஒரு நிறுவனத்துக்கு எழுதிய விண்ணப்பத்தை எம்மிடம் கொண்டுவந்தார். கணக்குப் பதிவு நன்கு தெரியும், ஆங்கிலம் தட்டச்சும் தெரியும், 'பட்' அனுபவம் இல்லை என்று முடித்திருந்தார். இதே வாசகத்தில் முன் எழுதிய இரண்டுக்கும் மறுமொழி வரவில்லை என்றார். இலக்கணமே அதற்குக் காரணம் என்று நாம் கூறத் துணியோம். ஆனால் கடிதத்தை மடித்து வைப்பவரின் காதில் இறுதியாக ஒலிப்பது 'அனுபவம் இல்லை' என்பதன்றோ? அனுபவமின்மையை 'ஆல்தோ'வின் கீழ் முன்னே வைத்து, தெரிந்தவற்றைத் தலைமை வாக்கியமாக்கி எழுதுவித்தோம். ஒரு சொல்லேனும் பொய்யில்லை, மறைத்ததும் ஒன்றுமில்லை.

'ஆல்தோ' பின்னே வருமிடத்தும் விழிப்பு வேண்டும். "வீ வென்ட், ஆல்தோ இட் றெயின்ட்" என்பதைத் தமிழிற் சொல்லும்போது மழை முன்னே வந்துவிடும். அத்தமிழை மீண்டும் ஆங்கிலமாக்குபவன், 'ஆல்தோ'வை எந்த வாக்கியத்தின் தலையிற் சூட்டுவதென்று தடுமாறி, நாம் போனபோதிலும் மழை பெய்தது என்று எழுதிவிடுவதுண்டு. நாம் போவதைக் கண்டு மழை நின்றிருக்க வேண்டும் போலும்!

ஏனையவற்றைச் சுருங்கச் சொல்வோம். 'டெஸ்பைட்', 'இன் ஸ்பைட் ஒவ்' என்பன பெயரையே வேண்டி நிற்கும். 'டெஸ்பைட்' என்பதன்பின் 'ஒவ்' வாராது. 'ஹவெவர்' இணைப்பிடைச்சொல் அன்று. அதன்முன் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ இடுக. 'வைல்' காலத்தையும் காட்டும், முரணையும் காட்டும். ஐயம் எழுமிடத்து 'வெயராஸ்' என்பதை ஆள்க. ஆயினும் பழைய காணி உறுதிகளின் தலைப்பிற் காணும் 'வெயராஸ்' முரணைக் குறிப்பதன்று. 'இவ்வாறிருப்பதனால்' என்பதே அங்குப் பொருள்.

எமது நகரின் பழைய சேமக்காலையில் அடக்கமாகியிருக்கும் கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்ரின், 1852 இல் பர்மாவில் இறந்தவர்; நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பி. அவ்வம்மையாரின் நாவலொன்றை எடுத்து, ஓர் அதிகாரத்தில் வரும் 'பட்', 'தோ' என்பவற்றின்கீழ்க் கோடிட்டு வாசிப்பது, இலக்கணநூல் மூன்றைப் படிப்பதினும் பயன்தரும் என்பது எமது துணிபு.

பயிற்சியாகப் பின்வரும் மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதி ஆசிரியரிடம் காட்டுக. 1942 ஏப்பிரல் 9 இல் யப்பானிய விமானங்கள் எமது துறைமுகத்தைத் தாக்கியபோதிலும், எண்ணெய்த் தாங்கிகள் பல தப்பின. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் அருகருகே இருப்பினும், அவற்றின் வெப்பம் ஒன்றாயில்லை. நாளை கடல் கொந்தளித்தாலும் வள்ளம் போகும்.