மடித்தால் மாறும் அளவு

கற்பிட்டியில் இறால் வாங்கி விற்கும் ஒருவருக்காக, குளிரறைத் தட்டுகள் 40 செய்து கொடுக்க ஒப்புக்கொண்டேன். 1.5 மில்லிமீற்றர் ஸ்டெயின்லஸ் ஸ்டீல். அடி அகலம் வெளிப்பக்கமாக 600, இரு ஓரமும் 100 வீதம். பட்டறையில் 800 மில்லிமீற்றருக்குத் தகடு வெட்டி, கோடிட்டு மடித்தார்கள். ராக்கை இடைவெளி 602. ஒரு தட்டும் உள்ளே போகவில்லை.

"நானா, நீங்க தந்த அளவுதானே" என்றார் பாஸ். அவர் சொன்னதும் சரி. நஷ்டம் என் தலையில்.

தகடு மடியும்போது வெளிப்பக்கம் இழுபடும், உட்பக்கம் ஒடுங்கும். நீளம் மாறாத கோடு இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது. அது உட்பக்கத்திலிருந்து தடிப்பின் எத்தனை பங்கில் உள்ளது என்பதே 'கே' எண். உள்வளைவு 1.5, 'கே' 0.4 என்றால் மடிப்பில் செலவாகும் தகடு 3.3 மில்லிமீற்றர். ஆனால் வெளி அளவுகளைக் கூட்டும்போது அந்த மூலைக்கு 6 கணக்கிடுகிறோம். மிச்சம் 2.7. இரண்டு மடிப்புக்கு 5.4. ஆக வெட்ட வேண்டியது 794.6. நாங்கள் 800 வெட்டியதால் அடி 602.7 ஆனது!

சொலிட்வேர்க்ஸ் போன்ற மென்பொருள்களில் தகட்டு வேலைக்கென்றே தனிப் பகுதி உண்டு. இலவசமான ஃப்ரீகேடிலும் அதைச் சேர்த்துக்கொள்ளலாம். தடிப்பு, வளைவு, 'கே' மூன்றையும் கொடுத்து, அடியை வரைந்து, ஓரங்களை நிமிர்த்தினால் தட்டு திரையில் நிற்கும். விரித்துக் காட்டச் சொன்னால் வெட்டும் வடிவம் வரும். மூலையில் தகடு கிழியாமலிருக்க விடும் சிறு வெட்டும் அதிலேயே இருக்கும். அதை டிஎக்ஸ்எஃப் கோப்பாக லேசர் பட்டறைக்கு அனுப்பலாம்.

ஆனால் 'கே' எண்ணைக் கணினி தானாக அறியாது. பட்டறையின் அச்சு, தகடு இரண்டையும் பொறுத்து அது மாறும். அதே தகட்டில் 100 மில்லிமீற்றர் துண்டொன்றை நடுவில் மடித்து, இரு பக்கத்தையும் வெளியால் அளந்து கூட்டுங்கள். 102.7 வந்தால் கழிக்க வேண்டியது 2.7. ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் மென்பொருள் சொல்லாது. நமது களப்புக் கரையின் உப்புக்காற்றில் 304 ரகத் தகட்டிலும் துருப்புள்ளி விழும். 2 முதல் 3 சதவீதம் மொலிப்டினம் கலந்த 316 கூடத் தாங்கும், விலையும் கூடத்தான்.

அந்த 40 தட்டுகளையும் கருவாடு போடும் ஒருவர் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார். அவருக்கு ராக்கை தேவையில்லை.