மிளகுக்கு மின்னணுச் சந்தை

கொல்லிமலை ஆலத்தூர் நாட்டில் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றுகிறார்கள். ஒரே வியாபாரியிடம் விற்றால் அவர் சொல்வதே விலை. மத்திய அரசு 14-4-2016 அன்று தொடங்கிய 'இ-நாம்' மின்னணுச் சந்தையில் வெளியூர் வியாபாரிகளும் கணினி வழியே விலை கேட்கலாம். கேட்போர் கூடினால் விலையும் கூட வாய்ப்புண்டு.

சரக்கை நேரில் பார்க்காதவர் தரத்தை நம்பியே விலை கேட்பார். ஆகவே சரத்தில் ஓரிரு மணிகள் சிவந்ததும் பறித்து, சுத்தமான களத்தில் உலர்த்த வேண்டும். ஈரம் 12 சதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. காம்பு, பொக்கு, தூசியை நீக்கிவிட வேண்டும்.

இத்திட்டத்தில் சேர்ந்த ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில், ஆதார் அட்டை, வங்கிப் புத்தகத்துடன் பதிவு செய்து கொள்ளலாம். விலை கட்டாவிட்டால் விற்க மறுக்கும் உரிமை விவசாயிக்கு உண்டு.