நம்ம வீட்டு அடுப்பில் துருக்கிக் காப்பி

கப்பலில் வேலை பார்த்த மாமா ஒருத்தர் இருந்தால் போதும், தூத்துக்குடி வீட்டு அலமாரியில் ஏதாவது ஒரு வெளிநாட்டுச் சாமான் தூங்கிக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் இருந்தது நீளக் கைப்பிடி வைத்த ஒரு குட்டிச் செம்பு. பல வருஷம் அதில் பேனாவும் ரப்பர் பேண்டும்தான் போட்டு வைத்திருந்தோம். அது துருக்கியில் காப்பி போடுகிற பாத்திரம், பெயர் ஜெஸ்வே என்று தெரிந்த பிறகுதான் அடுப்பேறியது. முதல் மடக்கு குடித்ததுமே ஆச்சி சொன்னாள்: "ஏட்டி, இது நம்ம கடுங்காப்பில்லா!"

ஆச்சி சொன்னதில் தப்பே இல்லை. தூளைத் தண்ணீரிலேயே போட்டுக் காய்ச்சி, மண்டி அடங்கினதும் மேலே தெளிவைக் குடிக்கிற கருப்பட்டிக் கடுங்காப்பிக்கு இது ஒன்றுவிட்ட அக்கா. டிகாஷன் இறங்கக் காத்திருக்க வேண்டாம், பாலும் வேண்டாம். அக்காவை 2013-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்துப் பெருமைப்படுத்தியது. தங்கச்சியை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கடுங்காப்பி போடத் தெரிந்தவர்களுக்குப் பாதிப் பாடம் முடிந்த மாதிரிதான். மிச்சப் பாதிக்குச் சில குறிப்புகள் இதோ:

1. எல்லாமே தூளின் பதத்தில்தான் இருக்கிறது. ஃபில்டருக்கு அரைக்கிற தூள் இதற்கு ஆகாது. மைதா மாவு மாதிரி இருக்க வேண்டும். கடையில் அரைத்துத் தரும்போதே ஒரு சிட்டிகை வாங்கி விரலில் தேய்த்துப் பாருங்கள், குறுகுறுத்தால் இன்னொரு ஓட்டு ஓட்டச் சொல்லுங்கள்.

2. கடை மெஷினில் அந்தப் பதம் வராவிட்டால் மிக்ஸியின் சின்ன ஜாரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஐந்து விநாடி ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்டுங்கள். ஒரே மூச்சில் ஓட்டினால் தூள் சூடேறி மணம் போய்விடும். மெல்லிய வெள்ளைத் துணியில் சலித்து, மேலே நிற்கிற கப்பியை நாளைய ஃபில்டருக்கு எடுத்து வையுங்கள். ஒரு சிட்டிகைகூட வீண் இல்லை.

3. சிக்கரி கலந்த தூளை இதில் போடாதீர்கள், காப்பி தெளியாமல் கலங்கலாகவே நிற்கும். சட்டப்படி காப்பி 51 சதவீதம் இருந்தாலே கலப்புத் தூளாக விற்கலாம், அதாவது மிச்சம் 49-ம் சிக்கரியாக இருக்கலாம்! பாக்கெட்டில் அளவு அச்சடித்திருப்பார்கள், படித்துவிட்டு வாங்குங்கள்.

4. வெளிநாட்டு டப்பாவுக்குக் காசைக் கொட்ட வேண்டிய அவசியமே இல்லை. ஏற்காடு, தாண்டிக்குடி, குடகு அரபிகா கொட்டை நடுத்தர வறுப்பில் கிடைத்தால் போதும். பிளான்டேஷன், பீபரி எதுவானாலும் சரி. பாபா புதான் ஏமன் நாட்டு மோக்காவிலிருந்து ஏழு விதையைக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் நட்டார் என்பது கர்ண பரம்பரைக் கதை. இஸ்தான்புல்காரர்களுக்கும் ஏமன் பக்கத்திலிருந்துதான் காப்பி போனது, ஆக மூலம் ஒன்றுதான்.

5. கொண்டல் காற்று அடிக்கிற மாதங்களில் நம்ம ஊரில் உப்பு ஜாடியே கசிகிறது, மாவாக அரைத்த காப்பித்தூள் எம்மாத்திரம்? ஒரு தடவைக்கு 100 கிராமுக்கு மேல் அரைக்காதீர்கள். இறுக்கமான மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் வைத்து, ஈரமில்லாத ஸ்பூனால் மட்டும் எடுங்கள். ஃபிரிஜ்ஜில் வைத்து வைத்து எடுத்தால் மூடிக்குள் வியர்த்துவிடும்.

6. ஜெஸ்வே இல்லையா? கவலை வேண்டாம். அடி அகலமாகவும் கழுத்து ஒடுக்கமாகவும் இருக்கிற எந்தக் குட்டிச் செம்பும் போதும், பிடிக்க ஒரு இடுக்கி இருந்தால் சரி. கழுத்து ஒடுக்கமாக இருந்தால்தான் நுரை திரண்டு நிற்கும். அவசரத்துக்குத் தாளிப்புக் கரண்டிகூட உதவும், ஆனால் பெருங்காய வாசனை போகத் தேய்த்திருக்க வேண்டும். நான் ஒருநாள் ரசக் காப்பி குடித்திருக்கிறேன்.

7. செம்பு, பித்தளைப் பாத்திரமானால் உள்ளே வெள்ளீயம் பூசியிருக்கிறதா என்று பாருங்கள். பூச்சு தேய்ந்து சிவப்புத் தெரிந்தால் பூசுகிறவர் தெருவில் வரும்போது கொடுத்துவிடுங்கள், அதுவரை அடுப்பேற்ற வேண்டாம். புளியும் உப்பும் வெளிப்பக்கம் தேய்க்க மட்டும்தான். உள்ளே மெத்தென்ற துணி போதும்.

8. கேஸ் அடுப்பின் கம்பிகளில் குட்டிப் பாத்திரம் நிற்காமல் சாயும். பழைய தோசைக்கல்லை வைத்து, அதன் மேல் செம்பை வையுங்கள். சாயவும் சாயாது, சூடும் சீராக ஏறும். தோசை சுட்டு முடித்த கையோடு வைத்தால் கல்லில் இருக்கிற சூட்டிலேயே பாதி வேலை நடந்துவிடும்.

9. தண்ணீர் குளிர்ந்ததாக இருக்கட்டும், மண்பானைத் தண்ணீர் உத்தமம். வெந்நீரில் தூளைப் போட்டால் கட்டி கட்டும், நுரையும் வராது. போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். காப்பிக்குத் தாமிரவருணித் தண்ணீருக்கு ஈடில்லை என்பது என் கட்சி.

10. அளவுக்குத் தனிப் பாத்திரம் தேட வேண்டாம், குடிக்கப் போகிற கோப்பையாலேயே தண்ணீரை அளந்து ஊற்றுங்கள். 60 முதல் 70 மில்லி பிடிக்கிற சின்னக் கோப்பைக்கு ஏறக்குறைய 7 கிராம் தூள், அதாவது டீஸ்பூனால் குவித்து இரண்டு. டபரா நிறையக் குடிக்கிற காப்பி இல்லை இது.

11. சர்க்கரையை முதலிலேயே போட்டுவிட வேண்டும், பிறகு போட்டுக் கலக்கினால் அடங்கின மண்டி மேலே வந்துவிடும். அதனால்தான் துருக்கியில் காப்பி வைக்கும் முன்னாலேயே "இல்லாமலா, கொஞ்சமா, நடுத்தரமா, தூக்கலா?" என்று கேட்டுவிடுவார்கள். விருந்தாளி செருப்பைக் கழற்றும்போதே நீங்களும் கேட்டுவிடுங்கள்.

12. சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போட்டால் நம்ம ஊர் மணம் வரும், ஆனால் தட்டி அப்படியே போடாதீர்கள். அதில் தூசியும் சிரட்டைத் துணுக்கும் இருக்கும். கால் கிலோவைத் தட்டிக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, ஒரு கொதி விட்டு ஃபிரிஜ்ஜில் வைத்துக்கொண்டால் ஒரு வாரத்துக்குக் காலை வேலை மிச்சம்.

13. கருப்பட்டியைப் பதநீர் இறங்குகிற காலத்தில், உடன்குடிப் பக்கம் தெரிந்தவர்கள் மூலம் மொத்தமாக வாங்குவது லாபம். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிச் சீனி கலந்து விற்பவர்களும் உண்டு, ஜாக்கிரதை. முன்னே அடுப்புப் புகைக்கு மேலே ஓலைப்பெட்டியில் தொங்கவிட்டிருப்பார்கள். இப்போது செய்தித்தாளில் சுற்றி, இறுக மூடிய டின்னில் வைத்தால் கசியாது.

14. தூள், இனிப்பு, தண்ணீர் மூன்றையும் அடுப்பில் வைக்கும் முன்பே நன்றாகக் கலக்கிவிடுங்கள். அடுப்பேறிச் சூடு வந்த பிறகு கரண்டியைத் தொடவே கூடாது.

15. சிம்மிலேயே வையுங்கள், மூன்று நாலு நிமிஷம் ஆகும். ஓரத்தில் நுரை கட்டி நடுவைப் பார்த்து எழும்பும். விளிம்பைத் தொடும் முன் இறக்கிவிட வேண்டும். கடுங்காப்பியைத் தளதளவென்று கொதிக்க விடுகிற பழக்கத்தில் இதையும் விட்டால் நுரையும் போச்சு, மணமும் போச்சு. போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு நில்லுங்கள், அடுப்பு துடைக்கிற வேலை மிச்சம்.

16. நுரை எல்லாருக்கும் பொது. முதலில் நுரையை ஸ்பூனால் எடுத்து எல்லாக் கோப்பையிலும் கொஞ்சம் கொஞ்சம் போட்டு, செம்பை மறுபடி ஒரு எழும்பு எழும்பவிட்டு, பிறகு மிச்சத்தை மெதுவாக ஊற்றுங்கள். நுரையில்லாத கோப்பை யாருக்குப் போனாலும் சண்டைதான்.

17. ஊற்றினதும் குடித்துவிடாதீர்கள், இரண்டு நிமிஷம் பொறுத்தால் மண்டி அடியில் உட்காரும். கடைசி ஒரு மடக்கைக் கோப்பையிலேயே விட்டுவிடுங்கள். அடியைக் கிளற அது ஒன்றும் முத்துப்பார் இல்லை. அங்கேயே 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை!

18. துருக்கியில் சில கடைகளில் சூடான மணலில் செம்பைப் புதைத்துக் காப்பி போடுவார்கள். நம்ம கடலை வறுக்கிறவர் சட்டியும் அதேதானே? ஆனால் ஒரு கோப்பைக்காக ஒரு சட்டி மணலைக் காய்ச்சுவது கேஸுக்குப் பிடித்த கேடு. வீட்டில் நிலக்கடலை வறுக்கிற நாளில், வறுத்து முடித்த மணலில் செம்பைப் புதைத்துப் பாருங்கள், செலவில்லாத சூடு. கழுவிக் காயவைத்த ஆற்று மணல்தான் வேண்டும். கடற்கரை மணலில் உப்பு இருக்கும், தேரி மண்ணோ புடவை வரைக்கும் சிவப்பாக்கிவிடும்.

19. ஏலக்காய் போடுவது அரபு நாட்டுப் பழக்கம். காப்பிக்கென்று தனியாக ஏலம் வாங்காதீர்கள், பாயசத்துக்கு உரித்த தோலைக் காப்பிக் கொட்டையோடு சேர்த்து அரைத்தாலே மணக்கும். மழை நாளில் ஒரு சிட்டிகை சுக்குத்தூள் எனக்குப் பிடிக்கும். துருக்கிக்காரர் பார்த்தால் கோபித்துக்கொள்வார்.

20. தூள் கொஞ்சம் கருகின வறுப்பாக வந்துவிட்டால் தூக்கி எறியாதீர்கள். காப்பியில் ஒரு துளி உப்பு, நாலைந்து பரல் போட்டால் கசப்பு அடங்கும். உப்பளத்து ஊரில் இதற்கா பஞ்சம்? துருக்கியில் பெண் பார்க்க வருகிற மாப்பிள்ளையின் கோப்பையில் பெண்ணே உப்பை அள்ளிப் போடுவாளாம். முகம் சுளிக்காமல் குடித்தால் மாப்பிள்ளை பாஸ். நம்ம பஜ்ஜி, சொஜ்ஜிக்கு இது எவ்வளவோ மேல்.

21. கூட வைக்க நம்ம ஊர் மக்ரூன் இருக்கும்போது வேறு எதுவும் தேட வேண்டாம். முட்டை வெள்ளையும் முந்திரியும் சீனியுமாக அது வாயில் கரைகிற இனிப்பு, அதனால் அன்றைக்குக் காப்பியில் இனிப்பே போடாதீர்கள். சீனியும் மிச்சம், ருசியும் ஒன்றையொன்று தூக்கிவிடும்.

22. காப்பியோடு ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீர் வையுங்கள். காப்பிக்கு முன்னால் குடித்தால் வாய் சுத்தமாகும், அப்போதுதான் மணம் தெரியும்.

23. பால் இல்லாமல் தொண்டையில் இறங்காது என்கிற பெரியவர் எல்லா வீட்டிலும் உண்டு. மண்டி அடங்கினதும் தெளிவை வேறு டம்ளரில் இறுத்து, அதில் சூடான பாலை ஊற்றிக் கொடுங்கள். கருப்பட்டி சேர்த்த காப்பியானால் இரண்டும் அடுப்பிலிருந்து இறங்கிய பிறகு கலக்க வேண்டும், சேர்த்துக் கொதித்தால் பால் திரிந்துவிடும்.

24. வடிகட்டாத காப்பி நாள்தோறும் நிறையக் குடித்தால் கொலஸ்ட்ரால் ஏறும். காப்பி எண்ணெயில் இருக்கிற பொருள் ஒன்று அப்படியே வயிற்றுக்குள் போவதுதான் காரணம். ஏற்கெனவே அதற்கு மாத்திரை போடுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

25. மண்டியைச் சிங்க்கில் கொட்டாதீர்கள், குழாயில் போய்ச் சேறாக அடைத்துவிடும். ஒரு சிரட்டையில் சேர்த்து வையுங்கள். சாளையோ நெத்திலியோ ஆய்ந்த கையில் அந்த மண்டியைத் தேய்த்துக் கழுவினால் கவிச்சி போய்விடும், எலுமிச்சம்பழம் மிச்சம்.

26. அதற்கும் மேல் மிஞ்சினால் வெயிலில் காயவைத்து, தொட்டி மண்ணோடு கொஞ்சமாகக் கலக்கலாம். ஈரமாக மேலே அப்பினால் பூசணம் பிடிக்கும்.

27. துருக்கியில் குடித்து முடித்த கோப்பையைத் தட்டில் கவிழ்த்து, மண்டி வழிந்த கோலத்தைப் பார்த்துச் சோசியம் சொல்வார்கள். மதினிமார் கூடின சாயங்காலத்துக்கு நல்ல பொழுதுபோக்கு, காசு செலவில்லை. ஆனால் பேச்சு சுவாரசியத்தில் கோப்பையை அப்படியே விட்டுவிடாதீர்கள். காய்ந்த மண்டி லேசில் போகாது, உடனே தண்ணீர் ஊற்றி வைத்துவிடுங்கள்.