லிவரிலிருந்து தொடங்கு, மாப்பிள்ளை



ஏற்காடு மலையில் பாதி ஏறியதும் எஞ்சின் கத்துகிறது, வண்டி மட்டும் ஊர்கிறது என்று எழுதியிருக்கிறாய். மெக்கானிக் வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் "கிளட்ச் பிளேட் போச்சு" என்றாராம். செட்டு வாங்கிவிடவா என்று கேட்கிறாய். வாங்காதே. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரிந்துவிடக்கூடிய விஷயத்துக்கு, சேலத்திலிருந்து சென்னை ஜி.பி. ரோடு வரை பஸ் ஏற வேண்டியதில்லை.

முதலில் அது கிளட்ச்தானா என்று பார். சமதரையில் மூன்றாவது கியரில் 40-இல் போய், ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகு. சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் ஸ்லிப்தான். சத்தமும் ஏறாமல் வேகமும் ஏறாமல் இருந்தால் கிளட்சைத் திட்டுவது அநியாயம்; கார்புரேட்டர், பாயிண்ட், கம்ப்ரஷன் பக்கம் போய்ப் பார்.

உன்னுடையது பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் என்பதால் இன்னொரு வசதியும் உண்டு. அதன் கிக்கர் கியர்பாக்ஸில் இருக்கிறது. நீ மிதிக்கிற மிதி கிளட்ச் வழியாகத்தான் எஞ்சினுக்குப் போகிறது. கம்ப்ரஷன் வந்து கிக்கர் கெட்டியாக நிற்கும் இடத்தில் மெல்ல எடையை ஏற்று. எஞ்சின் அசையாமல் கிக்கர் மட்டும் வழுக்கிக்கொண்டு இறங்கினால் கிளட்ச் நன்றாகவே நழுவுகிறது. கடகடவென்று பல் தாண்டுகிற சத்தம் கேட்டால் அது கிக்கர் ராட்செட்டின் நோய், வேறு வைத்தியம். ஆனால் கிக்கில் நழுவவில்லை என்பதால் கிளட்ச் நலம் என்று முடிவு கட்டாதே. ஆரம்பத்தில் மேட்டிலும் பாரத்திலும்தான் அது தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

சரி, கிளட்ச்தான் என்று வைத்துக்கொள்வோம். உடனே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு செயின் கேஸைக் கழற்ற உட்கார்ந்துவிடுவாய், உன் குணம் எனக்குத் தெரியும். பொறு. கைப்பக்கம் லிவரிலிருந்து ஆரம்பித்து உள்ளே போ. லிவரின் அடிப்பக்கத்தில் 2, 3 மில்லிமீட்டர் லூஸ் இருக்கிறதா? ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பினாலும் அந்த லூஸ் மிஞ்சுகிறதா?

"தேய்ந்தால் தளரத்தானே வேண்டும் மாமா, என் லிவர் டைட்டாக அல்லவா இருக்கிறது" என்பாய். அங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். தேயத் தேய லூஸ் கூடுவது பிரேக்கில், கிளட்சில் குறையும். பிளேட்டுகள் மெலிந்தால் அவற்றை அமுக்கிப் பிடிக்கிற பிரஷர் பிளேட் உள்ளே நகர்கிறது. கியர்பாக்ஸ் ஷாஃப்டுக்குள் ஓடுகிற தள்ளுகம்பிக்கும் அதற்கும் இருந்த இடைவெளி போய்விடுகிறது. பிறகு ஸ்பிரிங்கின் பலத்தில் ஒரு பங்கைக் கம்பியும் கேபிளும் தின்றுவிட, மிச்சம்தான் பிளேட்டுக்கு. நல்ல பிளேட்டும் அப்போது நழுவும். போதாக்குறைக்கு நீ வேறு இரண்டு விரலை எப்போதும் லிவர்மேல் போட்டுக்கொண்டு ஓட்டுகிறாய். போன கல்யாணத்துக்கு வந்தபோதே பார்த்தேன், ஊர் முன்னால் சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கேபிளை மட்டும் தளர்த்திவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதே. முதலில் கேபிள் அட்ஜஸ்டரை முழுக்கத் தளர்த்து. வலப்பக்கம் கியர்பாக்ஸ் மேல் ஒரு சின்ன மூடி இருக்கும். அதற்குள் திருகும் லாக் நட்டும். லாக் நட்டை விட்டுவிட்டுத் திருகை மெல்ல உள்ளே திருப்பு. கம்பியில் தட்டுவது கைக்குத் தெரிந்ததும் நிறுத்தி, கால் சுற்றிலிருந்து அரைச் சுற்றுவரை பின்னால் எடு. லாக் நட்டை இறுக்கு, இறுக்கும்போது திருகும் கூடவே சுற்றிவிடாமல் பிடித்துக்கொள். கேபிள் லூஸைக் கடைசியில்தான் வைக்க வேண்டும். பாதி வண்டிகள் இந்த இடத்திலேயே குணமாகிவிடும்.

ஆகவில்லையா? எண்ணெயைப் பார். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து எண்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. அந்தக் காலத்து அமைப்பே உன் வண்டியிலும் தொடர்கிறது: எஞ்சினுக்கு ஓர் எண்ணெய், கியர்பாக்ஸுக்கு ஒன்று, கிளட்ச் குளிக்கிற பிரைமரி செயின் கேஸுக்குத் தனியாக ஒன்று. எண்ணெயில் ஊறினால் பிளேட் எப்படிப் பிடிக்கும், ஊற்றாமலே விட்டால் என்ன என்று கேட்காதே, செயின் செத்துப்போகும். எண்ணெய் லெவல் திருகுவரை இருந்தால் போதும், 350-க்குச் சுமார் 420 மில்லி. அதிகம் ஊற்றுவது அன்பு காட்டுவது ஆகாது.

எரிபொருளை மிச்சப்படுத்தும் என்று டப்பாவில் போட்ட கார் எண்ணெய் வேண்டவே வேண்டாம். அதில் வழுக்குவதற்கென்றே மருந்து கலந்திருக்கும். ஜாசோ எம்.ஏ. என்று அச்சிட்ட பைக் எண்ணெயை வாங்கு. சிலர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான ஏ.டி.எஃப். எண்ணெயை ஊற்றுகிறார்கள், நன்றாகவே ஓடுகிறது, அதற்காக நான் சண்டைக்கு வரமாட்டேன். பழையதை வடிக்கும்போது ஒரு பாத்திரத்தில் அளந்து பார். ஊற்றியதைவிட ஏகமாக வந்தால், கிராங்க் ஷாஃப்டின் இடப்பக்க சீல் கசிந்து எஞ்சின் எண்ணெய் இங்கே குடியேறியிருக்கிறது. சீலை மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றினால் இரண்டாம் முறையும் எனக்குக் கடிதம் எழுதுவாய்.

இதற்குப் பிறகும் நழுவினால் திற, நானே சொல்கிறேன். இடது ஃபுட்ரெஸ்டும் பிரேக் பெடலும் வழியில் நிற்கும், அவற்றை எடு. மூடியைப் பிடித்திருப்பது நடுவில் ஒரே நட். பிளேட்டுகளை வரிசை மாறாமல் செய்தித்தாளில் அடுக்கு, போனில் ஒரு படமும் எடுத்துவை. ஞாபகம் இருக்கும் என்று சொல்லாதே, இருக்காது. பெட்ரோலில் கழுவு. சிகரெட் பிடிக்கிற சிநேகிதனைத் துணைக்கு வைத்துக்கொள்ளாதே. பிடிமானப் பிளேட் கண்ணாடி மாதிரி மினுங்கினால், சமதளத்தில் உப்புத்தாளை விரித்து லேசாகத் தேய். ஸ்டீல் பிளேட்டைக் கண்ணாடிப் பலகையில் வைத்துப் பார். ஆடினாலோ, நீலம் பாரித்திருந்தாலோ அது போனதுதான்.

ஸ்பிரிங்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்து. ஒன்று குட்டையாக இருந்தாலும் மொத்த செட்டையும் மாற்று, விலை ஒன்றும் பெரிதில்லை. ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் போட்டால் இறுகிவிடும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். லிவர் கல்லாகிவிடும், கேபிள் அறுந்துவிடும், அப்போதும் பிரஷர் பிளேட் கோணலாகத்தான் தூக்கும். அது சமமாகத் தூக்குகிறதா என்று மூடி போடுவதற்கு முன்பே லிவரைப் பிடித்துப் பார்த்துவிடு.

புதுப் பிளேட் போட நேர்ந்தால் எண்ணெயில் ஊறவைத்துப் போடு. கொஞ்ச நாள் ஓடி அது படிந்ததும் லிவர் லூஸை மறுபடி பார்; குறைந்திருக்கும், திரும்ப வை. வடிந்த எண்ணெய் எத்தனை மில்லி என்பதை மட்டும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
மாமா