மூச்சு முட்ட ஓடினால் போதுமா?

காயல்பட்டினம் கால்பந்து ஊர். ஐக்கிய விளையாட்டுச் சங்கத்தின் அகில இந்தியப் போட்டி நடந்தால் பேச்செல்லாம் அதைப் பற்றித்தான். பந்து விரட்டிப் பழகிய கால்கள் காவலர் தேர்வுக்கோ மாரத்தானுக்கோ கிளம்பும்போது, கூடவே ஒரு நம்பிக்கையும் கிளம்பிவிடுகிறது: ‘தினமும் மூச்சு முட்ட ஓடினால்தான் ஸ்டாமினா ஏறும்.’

இதில் பாதிகூட உண்மை இல்லை. ஸ்டாமினா ஏற, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் ரத்தத்தின் அளவு கூட வேண்டும்; தசைக்குள் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பெருக வேண்டும். இவற்றுக்கு வாரக்கணக்கில் நிதானமாக ஓடுவதுதான் அடித்தளம். முன்னணி வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்த ஸ்டீபன் சைலர், அதில் ஏறக்குறைய 80 சதவீதம் மெதுவான பயிற்சிதான் என்று காட்டினார். மெதுவென்றால், பக்கத்தில் ஓடுபவரோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே போகிற வேகம். வேக ஓட்டம் வாரத்துக்கு ஓரிரு நாள் போதும். தினமும் வேகமாக ஓடுபவருக்கு அந்த ஓரிரு நாளில்கூட உண்மையான வேகம் வராது. கால் ஏற்கெனவே களைத்திருக்கும்.

‘வெறும் 1,500 மீட்டர்தானே, அதற்கு எதற்கு நெடுந்தூரம்?’ என்பது காவலர் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்களின் கேள்வி. நியூசிலாந்தில் செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆர்தர் லிடியார்ட் இதற்கு எப்போதோ விடை சொல்லிவிட்டார். தன்னிடம் பயின்ற பீட்டர் ஸ்நெல்லை வாரம் 100 மைல் வரை ஓடவைத்தார். மலைப்பாதையில் 35 கிலோமீட்டர் சுற்றும் அதில் உண்டு. ஸ்நெல் ஓடிய போட்டியோ 800 மீட்டர்! 1960 ரோம் ஒலிம்பிக்கில் அதில் தங்கம் வென்றார். 1964 டோக்கியோவில் 800, 1,500 இரண்டிலும் தங்கம். தேர்வு எழுதுகிறவர் 100 மைலெல்லாம் ஓட வேண்டாம். வாரம் ஒருநாள் ஒரு மணி நேரம் நிதானமாக ஓடினாலே வித்தியாசம் தெரியும்.

கணக்கையும் பார்த்துவிடலாம். காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1,500 மீட்டர், 7 நிமிடம். 400 மீட்டர் தடத்தில் மூன்றே முக்கால் சுற்று. சுற்றுக்கு 112 விநாடி எடுத்துக்கொள்ளலாம். விசில் ஊதியதும் கூட்டத்தோடு பாய்ந்து முதல் சுற்றை 80 விநாடியில் முடிப்பவர்தான் மூன்றாம் சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பார்.

‘கடற்கரை மணலில் வெறுங்காலோடு ஓடினால் கால் உரமேறும்’ என்பது காயல்காரர்களுக்குப் பிரியமான நம்பிக்கை. இதில் உண்மையும் இருக்கிறது. பொதபொத மணலில் ஓடக் கெட்டித் தரையைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும். ஆனால் குதிகால் புதையும்போதெல்லாம் கெண்டைக்காலும் குதிநாணும் இழுபடும். அலையோரத்து ஈர மணல் கெட்டிதான். அது கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் பள்ளத்திலேயே மிதிக்கும். போன தூரம் அதே ஓரமாகத் திரும்பி வந்தால் சுமை இரண்டு கால்களுக்கும் பகிரப்படும். பத்து நிமிடத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுவது நல்லது. வெறுங்கால் பக்தர்கள் ரோமில் செருப்பில்லாமல் ஓடி மாரத்தான் வென்ற அபெபெ பிகிலாவைச் சொல்வார்கள். அதே பிகிலா நான்கு ஆண்டு கழித்து டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டு ஓடி, இன்னும் மூன்று நிமிடம் முன்னதாக முடித்ததை ஏனோ சொல்வதில்லை.

‘ஓடினால் முட்டி தேயும்’ என்று வீட்டுப் பெரியவர்கள் பயமுறுத்துவார்கள். 2017இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதத்தினருக்கே இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் 10.2 சதவீதம். போட்டிக்காகக் கடுமையாக ஓடுபவர்களில் மட்டும் 13.3.

ரமலான் நோன்பு மாதத்தில் இரண்டு விதப் பிழை நடக்கும். ஒரு மாதம் முழுக்க ஓட்டத்தை நிறுத்துவது ஒன்று. தொப்பை குறையுமென்று பிற்பகல் அசர் தொழுகை நேர வெயிலில் வேர்க்க வேர்க்க ஓடுவது இன்னொன்று. வேர்வையில் இறங்குவது தண்ணீரின் எடை, கொழுப்பல்ல. 2012 லண்டன் ஒலிம்பிக் ரமலானில்தான் வந்தது. ஓட்டவீரர் மோ ஃபாரா நோன்பைப் பிறகு வைத்துக்கொள்வதாகத் தள்ளிவைத்துவிட்டு 5,000, 10,000 மீட்டர் தங்கங்களை வென்றார். நோன்பு வைத்தே பயிற்சி செய்பவர் மெதுவான ஓட்டத்தை நோன்பு திறக்கும் மக்ரிபுக்கு அரைமணி முன் வைத்துக்கொள்ளலாம். முடித்ததும் தண்ணீரும் உப்புப் போட்ட நோன்புக் கஞ்சியும் கிடைக்கும். வேகப் பயிற்சி வேண்டுமென்றால் இரவுத் தொழுகையான தராவீஹுக்குப் பிறகு. ஆனால் விடியலுக்கு முன் சஹர் உணவுக்கு எழுபவருக்குத் தூக்கம் குறையும் என்பதால், அந்த மாதம் வார ஓட்டத்தின் மொத்தத் தூரத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டும்.