எத்தனை எடை? எத்தனை தடவை?

வாலிபர்களுக்கான தேகப்பயிற்சிப் பாடம்



நமது தேகம் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்துள்ள அமானிதம். நம் உடலுக்கும் நம்மீது உரிமையுண்டு என்றும், பலமுள்ள முஃமின் அல்லாஹ்வுக்கு அதிக உவப்பானவர், எனினும் பலவீனரிடத்தும் நன்மை உண்டு என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தியிருக்கிறார்கள். ஆகவே தம் உடலை உரமாக்கிக்கொள்ள விரும்பும் வாலிபரை யாரும் வீண்வேலை பார்ப்பவராகக் கருத வேண்டியதில்லை.

ஆனால் எத்தனை கிலோ தூக்குவது, எத்தனை தடவை தூக்குவது என்று அவர் கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் என்ன? பக்கத்தில் நிற்பவர் தூக்குவதையே நீயும் தூக்கு என்பதுதான். இடுப்புப் பிடிப்பும் தோள் வலியும் பல சமயம் இந்தப் பதிலிலிருந்தே பிறக்கின்றன. சரியான பதிலை இப்பாடத்தில் காண்போம்.

தோட்டம் தரும் பாடம்

நம் கோலசிலாங்கூர் வட்டாரத்துக்குச் சுமை புதிதல்ல. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-ஆம் ஆண்டில் ஹென்றி ஃபொகோனியே என்ற பிரெஞ்சுக்காரரால் இங்குள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் போடப்பட்டது. ரப்பர்த் தோட்டங்களில் பால் வாளிகளைக் காண்டாவில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்தார்கள். கடைத்தெருக்களில் நம் பெரியவர்கள் அரிசி மூட்டைகளை முதுகில் ஏற்றினார்கள்.

அவர்களுடைய தோளும் காலும் உறுதியடைந்தன. ஆனால் ஆண்டுக்கணக்கில் சுமந்தும் ஓரளவுக்கு மேல் தசை பெருக்கவில்லையே, ஏன்? வாளியின் கனம் நேற்றும் இன்றும் ஏறக்குறைய ஒன்றே. ஒரு சுமைக்கு உடல் பழகிவிட்டால், அதற்குமேல் தசையை வளர்க்க அதற்கு அவசியமில்லாமல் போகிறது. அன்றியும் உழைப்புக்கேற்ற உணவும் ஓய்வும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. தசை வளரவேண்டுமானால் மூன்று வேண்டும்: படிப்படியாக ஏறும் சுமை, போதிய உணவு, போதிய ஓய்வு.

ஒரு வைத்தியர் கண்ட கணக்கு

இரண்டாம் உலக யுத்தத்தின்போது சிக்காகோ நகர இராணுவ மருத்துவமனையொன்றில் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க வைத்தியர் பணிபுரிந்தார். காலில் காயமுற்ற சிப்பாய்களுக்கு அக்காலத்தில் இலேசான பயிற்சியைப் பலமுறை செய்யச் சொல்வதே வழக்கம். டிலோர்ம் மாறாக, பத்துத் தடவைக்குமேல் தூக்கமுடியாத கனத்தைக் கொடுத்து, பலம் கூடக் கூடக் கனத்தையும் கூட்டினார். நலிந்த கால்கள் விரைவில் தேறின. 1945-இல் இம்முறையை அவர் வெளியிட்டார். முதலில் ஒரு நாளைக்கு 70 முதல் 100 தடவை வரை தூக்கச் சொன்னவர், அவ்வளவு தேவையில்லை என்று கண்டு, 1948-இல் வாட்கின்ஸ் என்ற வைத்தியருடன் சேர்ந்து அதை மூன்று சுற்றுகளாகக் குறைத்தார்.

உதாரணமாக, ஒருவரால் 20 கிலோவைப் பத்துத் தடவை மட்டுமே தூக்க முடியுமென்று வைத்துக்கொள்வோம். அவர் முதற் சுற்றில் 10 கிலோவைப் பத்துத் தடவையும், இரண்டாவதில் 15 கிலோவைப் பத்துத் தடவையும், மூன்றாவதில் 20 கிலோவைப் பத்துத் தடவையும் தூக்குவார். இன்று உலகெங்கும் வழங்கும் 'மூன்று செட், பத்துத் தடவை' என்ற கணக்குப் பரவியது இவ்வழியேதான்.

கனமா, தடவையா?

இவ்விடத்தில் ஒரு சந்தேகம் எழலாம். காமா பயில்வான் என்று புகழ்பெற்ற குலாம் முஹம்மது, 1910-இல் லண்டன் சென்று மேனாட்டு மல்லர்களைத் திகைக்க வைத்தவர். அவருடைய பயிற்சியில் தண்டாலும் பஸ்கியும் ஆயிரக்கணக்கில் இடம்பெற்றனவே! அப்படியானால் கனம் எதற்கு?

அண்மைக் கால ஆராய்ச்சிகள் இதற்கு விடை தந்துள்ளன. கனமான எடையை 8 முதல் 12 தடவை தூக்கினாலும், இலேசான எடையை 20 முதல் 30 தடவை தூக்கினாலும் தசை ஏறக்குறைய ஒரேயளவு பெருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இரண்டிலும் கடைசித் தடவைகள் உண்மையிலேயே கடினமாயிருக்க வேண்டும். முப்பது தடவை தூக்கியும் மூச்சு வாங்கவில்லையென்றால் அது பயிற்சியன்று, பொழுதுபோக்கு. பெரும் பலம் வேண்டுவோருக்குக் கனமான எடையே மேல். தசை மட்டும் வேண்டுவோருக்குக் கையில் உள்ள எடை போதும்.

செய்முறை

1. எடையைத் தேர்தல்: எட்டுத் தடவையாவது ஒழுங்காகத் தூக்க முடியவேண்டும்; பன்னிரண்டுக்குமேல் முடியாதிருக்க வேண்டும். அதுவே உமது எடை. நண்பருடைய எடை நண்பருக்கு.

2. நிறுத்துமிடம்: இன்னும் ஒன்றிரண்டு தடவைதான் முடியும் என்ற நிலையில் சுற்றை முடித்துவிடுக. உடலை வளைத்தும் உதறியும் தூக்கும் தடவை கணக்கில் சேராது.

3. சுற்றுகள்: புதியவர் ஒவ்வொரு பயிற்சியையும் இரண்டு மூன்று சுற்றுகள், வாரம் இருமுறை செய்தால் போதும். பழகியவர் ஒவ்வொரு தசைக்கும் வாரத்துக்குப் பத்துச் சுற்றுகள் வரை போகலாம். சுற்றுகளுக்கிடையில் இரண்டு நிமிடம் ஓய்வு வேண்டும்.

4. ஏற்றுதல்: எட்டில் தொடங்குக. எல்லாச் சுற்றிலும் பன்னிரண்டு எட்டியபின் ஒன்று அல்லது இரண்டு கிலோ கூட்டி, மறுபடி எட்டிலிருந்து தொடங்குக. தேதி, எடை, தடவை மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிவருக. அது இல்லாதவர் சென்ற வாரம் தூக்கியதையே இந்த வாரமும் தூக்கிக்கொண்டிருப்பார், அதே பால் வாளியைப் போல.

பயிற்சி நிலையத்துக்குப் பணம் இல்லாதவர் கவலைப்பட வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. சமையல் எண்ணெய் வந்த 5 லிட்டர் போத்தலைக் கழுவி முதலில் 3 லிட்டர் நிரப்பலாம். பிறகு அரை லிட்டராக ஏற்றிக்கொண்டே போகலாம். தண்ணீர் போதாதபோது மணலை நிரப்புக. இத்தனை நுட்பமாக ஏற்றும் வசதி இரும்புக் குண்டில்கூட இல்லை!

கவனிக்க வேண்டியவை

நாள் முழுதும் செம்பனைக் குலையோ மூட்டையோ ஏற்றி இறக்குபவர்கள், அதே நாளில் முதுகுப் பயிற்சியும் செய்யவேண்டாம். ஓய்வு நாளில் செய்க.

உணவில், உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம் புரதம் போதும். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது ஏறக்குறைய 96 கிராம். முட்டை, மீன், கோழி, பருப்பு, தெம்பே ஆகியவற்றிலிருந்தே இதைப் பெறலாம்.

நோன்பு மாதத்தில் நோன்பு திறந்த பின்னரோ, தராவீஹுக்குப் பின்னரோ பயிற்சி செய்க. சுற்றுகளைப் பாதியாகக் குறைத்தாலும் எடையைக் குறைக்காதிருந்தால், சில வாரங்களில் தசை கரைந்துவிடாது.

நீரிழிவுக்காரர்களுக்கு இப்பயிற்சி மிக்க நன்மை தருவது. தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை ஈர்த்துக்கொள்கிறது. ஆனால் மருந்தோ ஊசியோ எடுப்பவர்களும், இரத்த அழுத்தம் உள்ளவர்களும் வைத்தியரைக் கலந்த பின்னரே தொடங்குக. தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. மூன்று மாதத்தில் மார்பைப் பெருக்கித் தருவதாகச் சொல்லி விற்கப்படும் ஹார்மோன் ஊசிகளை நாடாதீர்கள். அவை இருதயத்தையும் ஈரலையும் கெடுக்கும். பிள்ளைப் பேற்றையே தடுத்துவிடவும் கூடும். அமானிதத்தை வளர்ப்பதாக எண்ணி அதை அழித்துவிடலாகாது.

பாடத்தின் சாரம்

உமக்கேற்ற எடை, கடினமான கடைசித் தடவைகள், சிறுகச் சிறுக ஏற்றம், இடையில் ஓய்வு. இவ்வளவே. சிறிதாயினும் இடைவிடாது செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என்று நபிகளார் (ஸல்) போதித்தது இதற்கும் பொருந்தும். இன்று அரை லிட்டர் கூட்டுங்கள். அடுத்த ரமளானுக்குள் மாற்றத்தை நீங்களே காண்பீர்கள், இன்ஷா அல்லாஹ்.